இன்னும் ஒரு சிகிச்சை உண்டு

(பங்குக் குடும்ப விழாவில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு தாய் தம் ஏழு வயது மகனோடு பங்கு இல்லத்திற்கு வந்தார். பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்த சிறுவன் அவன். கைக்குழந்தையாக இருந்தபோதே இரண்டையும் தைத்துச் சரிசெய்துவிட்டார்கள். "எல்லாம் முடிந்தது என்றிருந்தோம், சாமி. இப்போது இடுப்பெலும்பை எடுத்து ஈற்றில் வைக்க வேண்டும் என்கிறார்கள். அவசியந்தானா?" என்று கேட்டார்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

உதடும் அண்ணமும் மூடிய பின்னரும், பற்களைத் தாங்கும் மேல்தாடை எலும்பில் பிளவு அப்படியே இருக்கக்கூடும். வெளியே தெரியாது. மண்ணில்லாத இடத்தில் நாற்று நிற்குமோ? எலும்பில்லாத இடத்தில் பல்லும் நில்லாது.

முன்பு, 1950, 60களில், பச்சிளங் குழந்தைகளுக்கே எலும்பு வைத்துப் பார்த்தார்கள். முக வளர்ச்சி குன்றியதால் பல இடங்களில் அதைக் கைவிட்டார்கள். 1972இல் அமெரிக்க மருத்துவர்களான பாய்னும் சாண்ட்ஸும், பொறுத்திருந்து, கோரைப்பல் முளைக்குமுன் எலும்பு வைக்கும் முறையை வெளியிட்டார்கள். நார்வே நாட்டு ஆஸ்லோ மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான சிறுவர்களிடம் அதன் பலனைக் கண்டு 1986இல் எழுதினார்கள்.

பெரும்பாலும் 8 முதல் 11 வயதுக்குள் இதைச் செய்கிறார்கள். எக்ஸ்ரேயில் கோரைப்பல்லின் வேர் பாதிக்குமேல் வளர்ந்திருக்கிறதா என்று பார்த்து நாள் குறிப்பார்கள். இடுப்பெலும்பின் உள்ளிருக்கும் பஞ்சு போன்ற பகுதியைச் சிறிது எடுத்துப் பிளவில் நிரப்புவார்கள். சில நாட்கள் இடுப்பு வலிக்கும். பிறகு பிள்ளை பழையபடி ஓடியாடுவான். சில மாதங்களில் அது தாடையோடு ஒன்றிவிடும். கோரைப்பல் அதனூடே இறங்கி முளைக்கும். சிலருக்கு மட்டும் பல் மருத்துவர் கம்பி கட்டி இழுத்துவிட நேரும்.

இதில் ஓர் அருமை உண்டு. எலும்பு பல்லுக்கு இடம் தருகிறது. வந்த பல்லோ எலும்பைக் காக்கிறது. பல் வராவிடில், வைத்த எலும்பு நாளடைவில் கரையும். காலம் தவறிச் செய்தால் பலன் குறைவது இதனால்தான்.

அந்தத் தாய் மகனை அழைத்துச் செல்லச் சம்மதித்துவிட்டார். உங்கள் தெருவிலும் இத்தகைய பிள்ளை இருக்கலாம். "உதடுதான் சரியாகிவிட்டதே" என்று பெற்றோர் இருந்துவிட வேண்டாம். ஏழு வயதிலேயே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். பேருந்துக் கட்டணம் தடையென்றால் என்னிடம் அனுப்புங்கள்.