ஓரிரவுப் பயணத்தின் மூட்டை

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வைகாசி பிறந்துவிட்டால் வன்னியிலே வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழும். "பொங்கலுக்கு எதிலை போறது?" எங்கள் பக்கத்தில் வைகாசிப் பொங்கல் என்றால் அது வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல்தான். இன்று பஸ் இருக்கிறது, வான் இருக்கிறது, வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிளும் நிற்கிறது. 90களில், பொருளாதாரத் தடையின் கீழே நாங்கள் வாழ்ந்த அந்த ஆண்டுகளில், இந்தக் கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் ஒரேயொரு விடைதான் இருந்தது. சைக்கிள்.

கிளிநொச்சியிலிருந்து பரந்தன் சந்திக்கு வந்து கிழக்கே திரும்பினால் முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று வழி நீளும். ஏறத்தாழ 50 கிலோ மீற்றர். மல்லாவிப் பக்கத்தார் மாங்குளம் வந்து, ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டுக்கொண்டு முள்ளியவளையால் வருவார்கள். வைகாசி வெயிலில் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பகலில் மிதிக்க முடியாது. வெயில் தாழப் புறப்பட்டு, வழியில் ஒரு கோயில் மண்டபத்திலோ தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலோ படுத்தெழும்பி, விடியற்புறத்தில் போய்ச் சேருவதே வழக்கம். ஓரிரவுப் பயணம்தான். ஆனால் அதற்கு மூட்டை கட்டும் வேலை இரண்டு நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடும்.

மூட்டை கட்டுவதும் ஓர் இலக்கியப் பொருளா என்று நேயர்கள் நினைக்கக்கூடும். பத்துப்பாட்டிலே 'மலைபடுகடாம்' என்றொரு பாட்டு இருக்கிறது. பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடிகள், கூத்தராற்றுப்படை என்றும் அதற்குப் பெயர். நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர் கூட்டம் என்னென்ன வாத்தியங்களைப் பையிலே போட்டுக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறது என்ற பட்டியலோடுதான் அந்தப் பாட்டே தொடங்குகிறது. பலா மரத்தில் காய்கள் கொத்தாகத் தொங்குவது போல அந்த மூட்டைகள் இருந்தனவாம். பிறகு வழியிலுள்ள ஆபத்துக்களையும், எந்த ஊரில் யார் சோறு தருவார்கள் என்பதையும் புலவர் சொல்லிக்கொண்டு போகிறார். பயணம் போகிறவனுக்கு மூன்று விடயம் தெரிந்திருக்க வேண்டும்: கையில் என்ன, வழியில் என்ன, வழியில் யார். பழம்புலவர் சொன்ன இந்த மூன்றையும் எங்கள் ஐயா படிக்காமலே அறிந்திருந்தார்.

ஐயாவின் மூட்டைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழைய ரியூபை நீளவாட்டில் வெட்டி எடுத்த பட்டிதான் கட்டுக் கயிறு. சணல் கயிறு ஓட்டத்தில் தளர்ந்துவிடும். ரியூப் பட்டி இழுத்துப் பிடித்தபடியே நிற்கும். பாரமானது கரியரின் அடியில், இருக்கையை ஒட்டி. அரிசியும் தேங்காயும் அங்கே. நேர்த்திப் பொங்கலுக்கான மண்பானைக்கு வைக்கோல் சுற்றி, உரப்பையில் இறக்கி, பானைக்குள்ளே சர்க்கரையையும் பயறையும் வைத்துவிடுவார். வெறும் பானை இடத்தை வீணாக்கும் என்பது அவருடைய கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே சுருட்டிய பாய். அதற்குள் ஒரு சாரமும் பெட்சீற்றும். இரவில் முதலில் வேண்டியது பாய், ஆகவே அது கடைசியாக ஏற வேண்டும். ஹாண்டிலில் பை தொங்கவிட ஒருபோதும் விடமாட்டார். "மணலுக்கை சில்லு இறங்கினால் பை ஆடும், பை ஆடினால் நீ விழுவாய்" என்பார்.

சாப்பாடு அம்மாவின் பொறுப்பு. அன்றிரவுக்குப் பிட்டு, வாழையிலையில் கட்டி. தேங்காய்ப்பூச் சேர்ந்த பிட்டு விடியும்வரை தாங்காது என்பதால் காலைக்கு ரொட்டி. கோயிலுக்குப் போகும் பயணம், ஆகவே மச்சம் கிடையாது. ஒரு துண்டு பனங்கட்டி. தண்ணீர் ஒரு போத்தல், மற்றது வழிக்கிணறுகள்.

வெளிச்சத்துக்கு டைனமோ. ஆனால் டைனமோவுக்கு ஒரு குணம், சில்லு நின்றால் வெளிச்சமும் நின்றுவிடும். நிற்கிற இடத்தில்தானே வெளிச்சம் வேண்டும்! ரோச்சுக்குப் போட பற்றறி கிடையாது. அது தடைசெய்யப்பட்ட பொருள். அதனால் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியுமாகச் செய்த சிறு விளக்கும் மூட்டையில் ஏறும். அந்த டைனமோவின் இன்னொரு தொண்டையும் நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து வானொலி கேட்ட இரவுகள் அவை. சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைத்துவிடும்.

கடைசியாக ஒட்டுப் பெட்டி. பழைய தகர ரின் ஒன்று. அதற்குள் ஒரு சொலூசன், பழைய ரியூப் துண்டுகள், உரஞ்சுவதற்கு ஓர் அரத்துண்டு, கொஞ்சம் வால்வு ரியூப், ரயரைக் கிளப்ப இரண்டு கரண்டிக் காம்பு. விடத்தல் முள்ளுக்குக் கோயிலுக்குப் போகிறவன், சந்தைக்குப் போகிறவன் என்ற பேதமில்லை. எல்லாம் கட்டி முடித்த பிறகு ஐயா முன்சில்லைக் கையால் ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். இலேசாகக் கிளம்பினால் பின்னாலே பாரம் கூடிவிட்டது என்று பொருள். அப்போது கேட்கும் கேள்வி: "எதை விடலாம்?" பாயை விட்டதுண்டு, பயறை விட்டதுண்டு. ஒட்டுப் பெட்டியை விட்டதில்லை.

நேயர்களே, அதை விட்டவன் நான்.

1996 ஆம் ஆண்டு ஆடி மாதக் கடைசி. கிளிநொச்சியை நோக்கி இராணுவ நடவடிக்கை தொடங்கிவிட்டது. எறிகணைச் சத்தம் நெருங்க நெருங்க ஊர் முழுவதும் ஒரே இரவில் மூட்டை கட்டியது. அதுவும் ஓரிரவுப் பயணம்தான். திரும்பி வருகிற நாள் மட்டும் தெரியாது. வீட்டில் இரண்டு சைக்கிள். ஐயாவின் சைக்கிளில் அம்மா. என்னுடையதில் அரிசி, உடுப்பு, காணி உறுதி, தங்கச்சியின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள். என்னுடைய மூட்டையை நானே கட்டினேன். பல ஆண்டுகளாகச் சேர்த்த புத்தகங்களிலும் சஞ்சிகைகளிலும் ஒரு கட்டையாவது எடுக்க வேண்டும் என்று எனக்கு வெறி. இடம் காணவில்லை. பம்பையும் தகர ரின்னையும் எடுத்து அடுப்படித் திண்ணையில் வைத்துவிட்டு அந்த இடத்தில் புத்தகக் கட்டைச் செருகினேன்.

படலையடியில் ஐயா கேட்டார்: "தம்பி, ஒட்டுப் பெட்டி எடுத்தனியே?"

"ஓம்" என்றேன்.

அக்கராயன் போகும் வீதி சனத்தால் நிறைந்திருந்தது. மாடு, கோழிக்கூடு, உழவு இயந்திரப் பெட்டி, எல்லாவற்றுக்கும் நடுவே சைக்கிள்கள். பாதித் தூரத்தில் என் பின்சில்லு இருந்துவிட்டது. பின்னாலே சத்தம் ஓயவில்லை. ஐயா சைக்கிளை நிறுத்தி, "பெட்டியை எடு" என்றார். நான் பேசாமல் நின்றேன். இருட்டில் அவருக்கு என் முகம் தெரிந்திராது, ஆனாலும் விளங்கிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

எங்களைக் கடந்து போன ஒருவர் திரும்பி வந்தார். கரியரில் தையல் மெசினின் தலைப்பகுதியைக் கட்டியிருந்தார். பாரில் ஒரு பிள்ளை நித்திரை. மனைவி மற்றப் பிள்ளையோடு நடந்து வந்தார். ஒன்றும் கேட்காமல் ஜாம் போத்தல் விளக்கைக் கொளுத்தினார். அம்மா சேலைத் தலைப்பால் அதை மறைத்துப் பிடித்தா. ரியூபை வெளியே இழுத்து, காது பக்கத்தில் வைத்து ஓட்டையைக் கண்டுபிடித்தார். அவருடைய சொலூசன் முடியும் தறுவாயில் இருந்தது. வால்பக்கத்திலிருந்து மடித்து மடித்துக் கடைசித் துளியையும் பிதுக்கி ஒட்டினார். தன் பம்பினால் காற்றடித்துத் தந்தார். ஐயா ஏதோ கொடுக்கப் போனபோது, "பிள்ளையள் களைச்சிட்டுதுகள் அண்ணை, நாங்கள் வாறம்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டார். பெயரும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை.

நாங்கள் விடியப் போய்ச் சேர்ந்தோம். புத்தகங்கள் அந்த ஆண்டு மாரி மழையில் கொட்டிலுக்குள் ஊறிப் போயின. அதற்காக நான் இன்று வருந்துவதில்லை. என்னை உறுத்துவது வேறு. அந்த மனிதரின் கடைசிச் சொலூசன் என்னுடைய ரியூபில் போய்விட்டது. அதன் பிறகு அவருடைய சில்லில் ஒரு முள் ஏறியிருந்தால்? தையல் மெசினையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்திருப்பார்? இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

வற்றாப்பளைக்குப் போகும் அதே பரந்தன் வீதியில், அதே கிராமங்கள் வழியாக, 2009 இன் தொடக்கத்தில் சனம் மறுபடியும் மூட்டையோடு நகர்ந்தது. ஒவ்வோர் ஊரிலும் மூட்டை சிறுத்தது. மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்த பலருடைய கையில் ஒரு சிறு பைகூட இருக்கவில்லை. முள்ளிவாய்க்கால் பக்கத்தில் சைக்கிள்கள் குவியல் குவியலாகத் துருவேறிக் கிடந்ததைப் பின்னாளில் கண்டேன். சிலவற்றின் கரியரில் ரியூப் பட்டி கட்டியபடியே கிடந்தது. 'எதை விடலாம்' என்று ஐயா கேட்ட கேள்வியை அந்த மணலில் நின்று நினைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பொங்கலுக்கு இளைஞர்கள் சிலர் விருப்பத்தின் பேரில் சைக்கிளில் போகிறார்கள் என்று அறிகிறேன். நல்ல வீதி, நல்ல வெளிச்சம், கையிலே தொலைபேசி. மகிழ்ச்சி. அவர்களுக்கு இந்த ஐயாவின் ஒழுங்கையே நானும் சொல்வேன். பாரத்தை அடியில் வையுங்கள், பாயை மேலே கட்டுங்கள், ஹாண்டிலில் ஒன்றும் தொங்கவிடாதீர்கள். முன்சில்லைத் தூக்கிப் பாருங்கள். ஒட்டுப் பெட்டியில் சொலூசன் இரண்டாக இருக்கட்டும்.

ஒன்று உங்களுக்கு. மற்றது, வழியோரத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்கும் ஒரு பெடியனுக்கு.