தழும்பின் வரைபடம்

மாரடைப்பு வந்து பிழைத்தவர் ஒருவர் பல வருஷம் நன்றாக நடமாடிக்கொண்டிருப்பார். திடீரென்று ஒருநாள் நெஞ்சு படபடத்து நிமிடத்துக்கு 180 முறை துடிக்கத் தொடங்கும். இதயத்தின் கீழறையில் கிளம்பும் இந்த வேகத்துடிப்பு நீடித்தால் ரத்த அழுத்தம் சரியும், மயக்கம் வரும், சிலருக்கு அங்கேயே உயிர் போய்விடும். அடைப்பைச் சரிசெய்தாயிற்று, மாத்திரையும் தவறவில்லை, பிறகு ஏன்? பழைய மாரடைப்பு விட்டுப்போன தழும்புதான் பெரும்பாலும் காரணம். அந்தத் தழும்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், அதற்குள் உயிரோடு மிஞ்சியிருப்பது என்ன என்று பார்க்காமல் துடிப்பை மட்டும் அடக்குவது அரைகுறை வைத்தியம் என்பதே என் கட்சி.

தழும்பு செத்த தசையாயிற்றே, அதில் மின்சாரம் எப்படி ஓடும் என்று கேட்பீர்கள். விடைக்கு முதலில் வழிகாட்டியது ஒரு ஜெல்லிமீன் என்றால் நம்புவீர்களா? 1906-இல் ஆல்ஃபிரட் மேயர் என்ற அமெரிக்க விலங்கியலாளர், ஜெல்லிமீனின் தசையை வளையமாக வெட்டி எடுத்து அதில் ஒரு துடிப்பை ஒரே திசையில் கிளப்பிவிட்டார். அது ஓயாமல் வளையத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தது. சில வருஷத்தில் கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் ரால்ஃப் மைன்ஸ் என்ற இளைஞர் இதயத் தசையின் வளையத்திலும் இதையே காட்டினார். துடித்து முடித்த தசைக்குக் கொஞ்சம் ஓய்வு வேண்டும். அலை சுற்றி வருவதற்குள் அந்த ஓய்வு முடிந்துவிட்டால் தசை மறுபடி துடிக்கும், அலைக்கு முடிவே இல்லை. ஆகவே அலை மெல்லப் போனால்தான் ஆபத்து. இன்னொன்றும் சொன்னார் மைன்ஸ்: வளையத்தை ஓரிடத்தில் வெட்டிப் பாருங்கள், சுற்றல் நின்றால் அதுதான் சான்று. இன்றைக்குக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயின் நுனிச் சூட்டால் தசையைச் சுட்டு வழியை அடைக்கிறார்களே, அந்த அப்லேஷனின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மாரடைப்புத் தழும்பு முழுக்கச் செத்த இடமல்ல. நார்த்திசுவின் நடுவே, தரிசு நிலத்தில் ஒற்றையடிப் பாதை போல, பிழைத்த தசை இழைகள் மெலிசாக ஓடும். செல்லுக்குச் செல் இருந்த இணைப்புகள் அறுந்துபோனதால் அலை அங்கே நேராகப் போக முடியாது. வளைந்து நெளிந்து ஊர்ந்து போகும். அது மறுமுனையில் வெளியே வரும்போது சுற்றியுள்ள நல்ல தசை ஓய்வு முடித்துத் தயாராக இருக்கும். வளையம் பூர்த்தியாகிவிடும். 1970-களில் ஃபிலடெல்ஃபியாவில் மார்க் ஜோசஃப்சன் இதயத்தின் உட்சுவரை மின்முனையால் தடவி இந்த வழிகளைத் தேடினார். அவரோடு இருந்த அறுவை மருத்துவர்கள் அந்த உள்ளடுக்கையே சீவி எடுத்தார்கள். இப்போது மார்பைத் திறக்க வேண்டியதில்லை. தொடை ரத்தக்குழாய் வழியே போகும் கதீட்டர் நுனி எங்கே இருக்கிறது என்பதைக் காந்தப்புலம் சொல்லிவிடும். அது தொட்ட இடமெல்லாம் திரையில் நிறமாக விழுந்து ஒரு மின்வரைபடம் உருவாகும். அங்கே பதிவாகும் மின்னழுத்தம் 1.5 மில்லிவோல்ட்டுக்கு மேல் என்றால் நல்ல தசை என்று ஊதா. 0.5-க்குக் கீழே அடர்ந்த தழும்பு, சிவப்பு. சிவப்புக்குள்ளும் இடைப்பட்ட நிறங்களிலும் சில இடங்களில், எல்லாத் தசையும் துடித்து முடித்த பிறகு தாமதமாக, பொடிப்பொடியாக ஒரு சிக்னல் வரும். அதுதான் தேடிய பாதை. நோயாளியின் இதயம் சாதாரணமாகத் துடித்துக்கொண்டிருக்கும்போதே இதைப் பிடித்துவிடலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. வேகத்துடிப்பைத் தூண்டிவிட்டுத் தேடினால் பலருக்கு ரத்த அழுத்தம் தாங்காது.

மார்புக்குள் ஐ.சி.டி. என்ற மின்அதிர்ச்சிக் கருவியை வைத்தால் போதாதா என்பது ஒரு வாதம். 1980 முதல் அது எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் துடிப்பு தறிகெட்ட பிறகுதான் அது ஷாக் கொடுக்கும், வராமல் தடுக்காது. மருந்து? 1989-இல் ஒரு பாடம் கிடைத்தது. மாரடைப்பு வந்தவர்களின் மிகைத்துடிப்புகளை ஃப்ளெகெய்னைடு, என்கெய்னைடு என்ற மருந்துகள் அழகாக அடக்கின. ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவற்றைச் சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தார்கள். ஊர்ந்து போகும் அலையை இன்னும் மெதுவாக்கினால் வளையத்துக்குத்தானே லாபம்! இன்று தரும் மருந்துகள் வேறு. அவற்றையும் அப்லேஷனையும் முதல் சிகிச்சையாக ஒப்பிட்டு 416 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. மரணம், ஷாக், தொடர் வேகத்துடிப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் மருந்துப் பக்கம் 60.6 சதவீதம், அப்லேஷன் பக்கம் 50.7. மரணம் மட்டும் தனியாகக் குறைந்ததாக நிரூபணமாகவில்லை.

இதைவிட வலுவான எதிர்வாதம் மேலறையிலிருந்து வருகிறது. தாறுமாறாகத் துடிக்கும் மேலறையில், எம்.ஆர்.ஐ. காட்டிய நார்த்திசுவைத் தேடிச் சுட்டால் பலன் கூடுமா என்று 843 பேரிடம் சோதித்தார்கள். 2022-இல் வந்த முடிவு: கூடவில்லை. வழக்கமான அப்லேஷனோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கவாதம் போன்ற சிக்கல்கள்தான் அதிகம். அப்படியானால் வரைபடமே வீணா? மேலறைச் சுவர் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், எம்.ஆர்.ஐ. புள்ளியே கிட்டத்தட்ட அந்த அளவு. போதாததற்கு அங்கே சுற்றுவது ஒரே வளையமும் அல்ல. கீழறைச் சுவர் தடிமனானது, மாரடைப்புத் தழும்புக்கு ஓரளவு தெளிவான எல்லை உண்டு. ஆக, இந்தத் தோல்வி மேலறைப் படத்தின் நம்பகத்தைத்தான் குறைக்கிறது. கீழறையிலும் குறை இல்லாமல் இல்லை: சுவரின் நடுவில் புதைந்த தழும்பை உள்ளிருந்து தொடும் கதீட்டர் தவறவிடலாம். அங்கேதான் காடோலினியம் என்ற, படத்துக்கான மருந்தை ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. கைகொடுக்கும். ஐ.சி.டி. வைத்த பிறகு அதன் உலோகம் படத்தைக் கெடுக்கும் என்பதால், அவசரம் இல்லாதபோது முதலில் படத்தை எடுத்துவிடுவது நல்லது.

நேரம் நெருங்கிவிட்டது, ஒரே ஒரு செய்தி. 2017-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், வேறு வழி ஓய்ந்துபோன ஐந்து பேருக்கு, ஸ்கேனையும் மின்வரைபடத்தையும் ஒன்றுசேர்த்துத் தழும்பைக் குறித்து, புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சை வெளியிலிருந்தே ஒருமுறை செலுத்தினார்கள். சராசரியாகப் பதினான்கு நிமிட வேலை. கதீட்டரால் சுடவே இல்லை. முந்தைய மூன்று மாதத்தில் ஐவருக்கும் சேர்த்து 6,577 முறை வந்த வேகத்துடிப்பு, சிகிச்சைக்குப் பிந்தைய முதல் ஆறு வாரத்தில் 680 ஆனது; அதன் பிறகு கண்காணித்த காலம் முழுவதிலும் நான்கே முறை. அந்த ஆறு வாரத்துக்குள் ஒரு முதியவர் பக்கவாதத்தால் இறந்தும்போனார். ஐந்து பேரை வைத்து முடிவு கட்ட முடியாதுதான். ஆனால் கதிரை எங்கே செலுத்துவது என்று அங்கே சொன்னது வரைபடம் மட்டுமே.