மாட்டுக்குத் தெளித்த தீர்த்தம்



சனவரி 17ஆம் நாள் வனத்து அந்தோனியார் திருவிழா. எகிப்து நாட்டுப் பாலைவனத்தில் தவம் செய்த இந்தப் புனிதரின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் ஒரு பன்றி நிற்கும். பொங்கல் முடிந்த கையோடு வருகிற விழா என்பதால், நம் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் கொம்புக்கு வண்ணம் பூசிய மாடுகளையும், ஆடு கோழிகளையும் கோவிலுக்குக் கொண்டுவருவார்கள். குருவானவர் மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார்.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித் தெளித்துக்கொண்டிருந்தேன். ஓரமாக நின்ற ஒரு கூலித் தொழிலாளி என்னைப் பார்த்து, "சாமி, மாட்டுக்கெல்லாம் தீர்த்தம் தெளிக்கிறீங்க. பணம் கட்ட வழியில்லாம எம் புள்ள ரெண்டு மாசமா பள்ளிக்கூடம் போகாம வீட்ல கெடக்கான். அவன யாரு கேக்குறா?" என்றார். நான் சிரித்தபடி அவர் தலையிலும் கொஞ்சம் தீர்த்தத்தைத் தெளித்துவிட்டு, அடுத்த மாட்டிடம் போய்விட்டேன்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. விலங்குகளுக்குக் காட்டும் இரக்கம், மனிதருக்குச் சேரவேண்டியதில் கைவைத்து எடுத்ததா? நம்மில் பலர் அப்படித்தான் நினைக்கிறோம். "மனுசனுக்கே சோறில்லை, நாய்க்கு எதற்கு?" என்கிறோம். இதற்கு வரலாறு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்போம்.

1824ஆம் ஆண்டு இலண்டன் நகரத்தில், விலங்கு வதையைத் தடுக்க ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் வில்லியம் வில்பர்போர்ஸ். மனிதரை அடிமைகளாக விற்கும் வாணிபத்தை ஒழிக்க ஆண்டுக்கணக்காகப் பாராளுமன்றத்தில் போராடியவர் அவர். அடிமைக்காக அழுத அதே நெஞ்சம்தான் சாட்டையடி வாங்கும் குதிரைக்காகவும் அழுதது.

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1874இல், நியூயார்க் நகரத்தில் மேரி எலன் என்ற பத்து வயதுச் சிறுமியை அவளை வளர்த்தவளே அடித்துத் துன்புறுத்தி வந்தாள். ஏழைகளைச் சந்திக்கப் போன ஓர் ஊழியப் பெண் இதை அறிந்து பல கதவுகளைத் தட்டினார். பயனில்லை. கடைசியில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நடத்திவந்த ஹென்றி பெர்க் என்பவரிடம் போனார். அவர் தம் வழக்கறிஞரைக் கொண்டு அந்தக் குழந்தையை நீதிமன்றத்துக்கு வரவழைத்தார். முகத்தில் கத்தரிக்கோல் காயத்தோடு வந்து நின்றாள் சிறுமி. வளர்ப்புத்தாய்க்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. அதைத் தொடர்ந்துதான் குழந்தை வதையைத் தடுக்க ஒரு தனிச் சங்கம் அந்த நகரத்தில் பிறந்தது. குதிரைக்குப் பேச ஒருவர் இருந்ததால், குழந்தைக்கும் பேச ஒருவர் கிடைத்தார். இரக்கம் அளந்து வைத்த அரிசி அல்ல, ஒருவருக்குப் போட்டால் மற்றவருக்குக் குறைந்துபோவதற்கு. அது இறைக்க இறைக்க ஊறும் கிணறு.

ஆனால், இதற்கு மறுபக்கமும் உண்டு. விலங்கிடம் பரிவாக இருக்கும் சமூகம் மனிதரிடமும் பரிவாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. 1924இல் வைக்கம் கோவிலைச் சுற்றியிருந்த தெருக்களில் மாடு நடந்தது, நாய் நடந்தது. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த மனிதர் நடக்கக் கூடாது. அந்தத் தெருவில் கால்வைக்கும் உரிமைக்காகவே பெரியார் உள்ளிட்ட பலர் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. இது வேறு யார் கதையோ என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இறந்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்து வைத்திருக்கிறோம். அங்கே ஆடு மேய்கிறது. சாதி சுவரைத் தாண்டுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு மனிதரைக் கேவலப்படுத்த நினைக்கும்போது நம் வாயில் முதலில் வருவது என்ன? நாயே, பன்றியே, எருமையே! விலங்கை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று முதலில் முடிவு செய்கிறோம். பிறகு பிடிக்காத மனிதருக்கு அந்த விலங்கின் பெயரைச் சூட்டுகிறோம். அதற்குப் பின் கை ஓங்குவது எளிதாகிவிடுகிறது. 1994இல் ருவாண்டா நாட்டில் ஒரு வானொலி, துட்சி இன மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று மீண்டும் மீண்டும் சொன்னது. சுமார் நூறு நாள்களில் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். அது பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்களாக வாழ்ந்த நாடு. இந்த வானொலியின் முன் அமர்ந்து பேசும்போது அந்த வானொலியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அன்பார்ந்தவர்களே, இறைவார்த்தை விலங்கையும் ஏழையையும் எதிரெதிரே நிறுத்தவில்லை. விடுதலைப் பயண நூல் 23ஆம் அதிகாரம் 12ஆம் வசனத்தை வீட்டில் எடுத்துப் பாருங்கள். ஓய்வுநாள் எதற்கு? மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும்; அடிமைப் பெண்ணின் பிள்ளையும் அந்நியரும் மூச்சுவிட வேண்டும். ஒரே வசனத்தில் இருவரும்! யோனா நூலின் கடைசி வரியில், நினிவே நகரத்தின் இலட்சத்து இருபதாயிரம் மக்களுக்காக இரங்கும் கடவுள் அதோடு நிறுத்தாமல் அங்குள்ள கால்நடைகளையும் சேர்த்துக்கொள்கிறார்.

நம் திருஅவையின் மறைக்கல்வி நூல், எண் 2418இல் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. தேவையின்றி விலங்குகளை வதைப்பது மனித மாண்புக்கு எதிரானது. அதேபோல், மனிதத் துயரைப் போக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவிடுவதும் முறையல்ல. அந்தத் தொழிலாளி கேட்டதில் நியாயம் இருந்தது. தவறு மாட்டுக்குத் தீர்த்தம் தெளித்ததில் இல்லை. தெளித்துவிட்டு, அவர் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்காமல் போனதில்தான் இருந்தது.

சந்தையிலிருந்து கோழிகளைக் காலைக் கட்டித் தலைகீழாக வண்டியில் தொங்கவிட்டுக் கொண்டுபோகிறோம். கூடையில் வைத்துக் கொண்டுபோகலாமே. கோடையில் வாசலில் ஒரு சட்டி தண்ணீர் வைக்கலாமே. வைத்த கையோடு, வெயிலில் பொருள் கொண்டுவந்து கொடுக்கிற தம்பிக்கும், தெரு கூட்டுகிற அக்காவுக்கும் ஒரு குவளை தண்ணீர் கொடுக்கலாமே. பிள்ளைகள் நாயின்மேல் கல்லெறிந்தால் தடுப்போம். அவர்கள் உடன்படிக்கும் மாணவரை நாய் என்று திட்டினாலும் தடுப்போம்.

அந்தத் தொழிலாளியைப் பிறகு தேடினேன். குடும்பத்தோடு பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டதாகச் சொன்னார்கள். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலை இன்று உங்களுக்குச் சொல்கிறேன். அதன் பின் ஒவ்வோர் ஆண்டும், மாடுகளை மந்திரிக்கப் போகும் முன், பள்ளிக்குப் போகாமல் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை இருக்கிறது என்று அன்பியப் பொறுப்பாளர்களிடம் கேட்கிறேன். கேட்டால் எப்படியும் ஒன்றிரண்டு பெயர்கள் வருகின்றன.

இரண்டு காசுக்கு விற்கப்படும் ஐந்து சிட்டுக்குருவிகளில் ஒன்றையும் மறவாத தந்தை, நாம் மறந்துபோனவர்களை நம் நினைவுக்குக் கொண்டுவருவாராக. ஆமென்.