நினைவு மங்கும் பெற்றோரும் நம் முதற்கடமைகளும்

(திருவிழாவின் ஐந்தாம் நாள் மாலை ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

திருவிழா மேடையில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். பெற்றோரைத் தெய்வமாகப் போற்றும் மரபு நம்முடையது. அத்தெய்வங்களின் நினைவு மங்கும்போது நாம் ஆற்றும் பணியும் வழிபாடே ஆகும். நம் சிங்கப்பூரில் அறுபது வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு மறதிநோய் இருப்பதாக மனநலக் கழகத்தின் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, இது யாரோ ஒருவர் வீட்டுச் செய்தியன்று.

இந்நோய் பித்துமன்று, கிரக தோஷமுமன்று. மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாகச் சிதைவதால் வருவது. அல்சைமர் என்பது இதன் முதன்மையான வகை. மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபடுவதாலும் வரலாம். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அதற்கு வழிவகுக்கின்றன. எனவே, உறவினர் அறிந்தால் என்ன நினைப்பாரோ என்று மூடி மறைப்பதில் பொருளில்லை. மறைப்பதால் இழப்பது காலம் ஒன்றே.

மருத்துவர் நோயை உறுதிசெய்த பின் முதலில் செய்ய வேண்டியது, அவரிடம் தெளிவாகக் கேட்பது. எந்த வகை? எந்த நிலை? தைராய்டுக் குறைபாடு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும், அவற்றைச் சோதித்தாயிற்றா? உட்கொள்ளும் மருந்துகளுள் மறதியைக் கூட்டுபவை உண்டா? இவற்றைத் தாளில் எழுதிச் செல்லுங்கள். மருந்துகள் சிலருக்குச் சிறிது துணைபுரியும். நோயை முற்றிலும் போக்கா.

இரண்டாவதாக, உடன்பிறந்தோர் அனைவரும் ஓரிடத்தில் கூடிப் பேச வேண்டும். "மூத்த மருமகள் பார்த்துக்கொள்வாள்" என்பது முடிவாகாது. மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர் யார், செலவுக் கணக்கு வைப்பவர் யார், வார இறுதியில் துணையிருப்பவர் யார் என்று பொறுப்புகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். பராமரிப்பவர் நோயுற்றால் வீடே நிலைகுலையும். பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் உள்ளன. அவற்றை நாடுவது பாசக்குறைவன்று.

மூன்றாவது கடமையே தலையாயது. நோய் உறுதியான நாளிலேயே ஒருவர் முடிவெடுக்கும் ஆற்றலை இழந்துவிடுவதில்லை. தொடக்க நிலையில் உள்ள பலர் தம் விருப்பத்தைத் தெளிவாகச் சொல்ல வல்லவர்கள். அந்தக் காலம் குறுகியது, சென்றால் திரும்பாது.

2008ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, 21 வயது நிரம்பிய எவரும் நிரந்தர அதிகாரப் பத்திரம் செய்துகொள்ளலாம். தமக்கு முடிவெடுக்கும் திறன் இல்லாமற்போகும் காலத்தில் தம் நலனையும் சொத்தையும் கவனிக்க வேண்டியவரை அதில் அவரே நியமிக்கிறார். சான்றளிக்கும் மருத்துவரோ வழக்கறிஞரோ, அவர் புரிந்துகொண்டு வற்புறுத்தலின்றிச் செய்கிறாரா என்பதை உறுதிசெய்வார். திறன் போனபின் இதனைச் செய்ய இயலாது. பெற்ற பிள்ளையே ஆயினும், தந்தையின் வங்கிப் பணத்தை எடுக்கவோ வீட்டை விற்கவோ நீதிமன்றத்தை நாடி அதிகாரம் பெற வேண்டிவரும். அதற்குப் பொருட்செலவும் காலச்செலவும் மிகுதி. மத்திய சேமநிதிப் பணம் உயிலின்படி பிரிக்கப்படுவதில்லை. அதற்குரிய வாரிசு நியமனத்தையும் உறுப்பினர் தெளிவோடு இருக்கும்போதே தாமே செய்ய வேண்டும்.

பத்திரத்தைவிடப் பெரிது, கேட்பது. "அம்மா, நீங்கள் யாருடன் இருக்க விரும்புகிறீர்கள்? எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம்?" என்று அமைதியாகக் கேளுங்கள். பிள்ளைகள் கூடி முடிவெடுத்துவிட்டுக் கையொப்பத்திற்கு மட்டும் அவரை அழைப்பது அறமாகாது. அவர் வாயால் கேட்ட சொல் இருந்தால், பிற்காலத்தில் உடன்பிறந்தோரிடையே பிணக்கு எழாது; "சரியாகச் செய்தோமா" என்ற உறுத்தலும் வாட்டாது.

நான்காவதாக, வீட்டைப் பாதுகாப்பாக்குங்கள். விளக்கேற்றியதை மறந்து மீண்டும் ஏற்றச் செல்லும் தாயாரைத் தடுத்து அதட்ட வேண்டா. அருகிருந்து ஏற்றச் செய்யுங்கள், பிறகு நீங்களே குளிர்வியுங்கள். எரிவாயு அடுப்பையும் மருந்துப் பெட்டியையும் உங்கள் பொறுப்பில் வையுங்கள். வெளியே செல்லும்போது பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை அவர் சட்டைப் பையில் இருக்கட்டும். மறைந்த கணவர் எங்கே என்று கேட்டால், ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைச் சொல்லிப் புண்படுத்தாதீர்கள். அவரைப் பற்றிப் பேச விடுங்கள். 1990இல் அல்சைமர் நோய்ச் சங்கமாகத் தொடங்கி, 2021இல் பெயர் மாறிய டிமென்ஷியா சிங்கப்பூர் அமைப்பு குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது.

நிறைவாக, பக்தப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் உண்டதை மறந்தவரும் இளமையில் பயின்ற தேவாரத்தைப் பிழையின்றிப் பாடுவதுண்டு. இசையும் வழிபாடும் நெடுநாள் நிலைப்பவை. ஆகவே, அவர்களைக் கோயிலுக்கு அழைத்து வருவதை நிறுத்தாதீர்கள். வரிசை தவறி நின்றாலும், பிரசாதத்தை இருமுறை கேட்டாலும், முகஞ்சுளிக்காமல் கைகொடுப்போம். தனியே வெளியேறும் முதியவரைக் கண்டால், "எங்கே போகிறீர்கள், ஐயா?" என்று கேட்டு உடன் நிற்போம்.

அவர்கள் நம்மை மறக்கலாம். நாம் அவர்களை மறத்தலாகாது. எல்லாம் வல்ல அம்பிகையின் திருவருள் அனைவர் இல்லத்திலும் நிறைக என வேண்டுகிறேன்.