பாடம் இலவசம்; பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம் "இணையத்தில் இலவசமாகப் படிப்பது எப்படி என்று பதினைந்து நிமிடம் பேசுங்கள்" என்றார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. 1987-ல் இங்கே பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவன். புதுச்சத்திரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் கடலூருக்கு வந்து போன கூட்டத்தில் ஒருவன். அப்போது மீட்டர் கேஜ். வண்டி தாமதமானால் முதல் வகுப்பு போச்சு. போன வகுப்பு போனதுதான். பக்கத்துப் பையனின் நோட்டைக் கெஞ்சி வாங்கி எழுதிக்கொள்ள வேண்டும். அவன் தப்பாக எழுதியிருந்தால் நாமும் தப்பாகவே படிப்போம்.

டிகிரி முடித்து வேலைக்குப் போன பிறகு, அஞ்சல்வழியில் எம்.எஸ்ஸி. சேர்ந்தேன். நம் பக்கத்து ஊரான சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லேயே தொலைதூரக் கல்வியைத் தொடங்கிவிட்டது என்பதால், தபாலில் படிப்பது எங்கள் பக்கத்தில் யாருக்கும் புதுசு இல்லை. தபால்காரர் பழுப்புக் கவரில் பாடக் கட்டைக் கொண்டுவந்து திண்ணையில் போடுவார். பிரித்தால் புது அச்சு வாசனை. முதல் பாடம் புரியும், இரண்டாவது பாடம் புரிந்த மாதிரி இருக்கும், மூன்றாவது பாடத்தில் நின்றுவிடுவேன். லீனியர் அல்ஜீப்ராவில் ஐகன் வேல்யூ என்று ஒன்று வரும். அதைக் கணக்காகப் போட எனக்குத் தெரியும். ஆனால் அது என்ன, எதற்கு என்று தெரியாது. கேட்க ஆள் இல்லை. அண்ணாமலைநகர் ஹாஸ்டலில் இருந்த நண்பனைப் பார்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போனேன். முதல் தடவை அவன் ஊருக்குப் போயிருந்தான். இரண்டாம் தடவை சினிமாவுக்குப் போய்விட்டோம். அந்தப் பேப்பரில் இரண்டு முறை தோற்றேன். பிறகு படிப்பையே விட்டுவிட்டேன். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். நான்கைந்து வருடங்களுக்கு முன் ஒரு நாள் ராத்திரி தூக்கம் வராமல் செல்போனில் தேடினேன். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய கல்வி நிறுவனம், தன் வகுப்புப் பாடங்களை உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம் என்று 2001-ல் அறிவித்தது. அதில் கில்பர்ட் ஸ்ட்ராங் என்ற பேராசிரியர் 1999-ல் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா வகுப்புகள் முழுசாக இருக்கின்றன. சாக்பீஸ், கரும்பலகை, அவ்வளவுதான். ஒரு மேட்ரிக்ஸ் எல்லா வெக்டரையும் திசை மாற்றிவிடுகிறது; சில வெக்டர்கள் மட்டும் திசை மாறாமல் நீள்கின்றன, இல்லையானால் சுருங்குகின்றன; எவ்வளவு என்பதுதான் ஐகன் வேல்யூ. இவ்வளவுதானா என்று விளக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டார்கள். ஒரு விதத்தில் வலித்தது உண்மைதான்.

அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. நம் நாட்டில் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்ஸி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இருக்கிறது. 2014 முதல் அதில் வாராவாரம் பாடம், வாராவாரம் வீட்டுக்கணக்கு, கடைசியில் நேரில் உட்கார்ந்து எழுதும் தேர்வு என்று முறையாக நடத்துகிறார்கள். பொறியியல் மட்டும் என்று நினைக்காதீர்கள். மேலாண்மை, மொழியியல், தத்துவம், உயிரியல் எல்லாம் உண்டு. 2017-ல் வந்த ஸ்வயம் தளத்தில் பள்ளிப் பாடம் முதல் முதுகலை வரை இருக்கிறது. உங்கள் கல்லூரி ஒத்துக்கொண்டால் அந்த மதிப்பெண்ணை டிகிரிக்கே சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பல்கலைக்கழக மானியக் குழு விதியே போட்டிருக்கிறது. பள்ளிப் புத்தகங்களைத் தமிழக அரசு இணையத்தில் வைத்திருக்கிறது. அஸ்திவாரம் ஆடுகிறது என்று தோன்றினால், வெட்கப்படாமல் பதினோராம் வகுப்புப் புத்தகத்தை இறக்கிப் படியுங்கள்.

தமிழ் படிப்பவர்களுக்கு இந்த வசதி இன்னும் முன்னாலேயே வந்துவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் என்ற வேதியியல் அறிஞர் முன்னின்று, பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். 2001-ல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் வந்தது. இப்போது அதற்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் என்று பெயர். அதன் நூலகத்தில் பழைய புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படிக்கலாம்.

சிதம்பரத்துக்காரர்களுக்கு ஒரு கதை தெரியும். தேவார ஏடுகள் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. பாடிய மூவரும் நேரில் வந்தால்தான் திறப்போம் என்றார்கள். ராஜராஜன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, "வந்துவிட்டார்கள், திற" என்றான். திறந்தால் புற்று மூடியிருந்தது. கரையான் தின்றது போக மிச்சம்தான் கிடைத்தது. திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை இது. அந்தத் தேவாரம் இன்று மதுரைத் திட்டத்தில், எந்த ஊர்ப் பிள்ளைக்கும் பூட்டில்லாமல் இருக்கிறது. நமக்குக் கரையான் கூட வேண்டாம். 2011 தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் கடலூரில் எத்தனை வீட்டில் புத்தகம் ஊறிப் போனது என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் நிறுத்தினால் செயலாளர் சொன்ன தலைப்பு முடிந்துவிடும். ஆனால் என் தம்பி மகள் விஷயத்தைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அவள் ஒரு பொறியியல் கல்லூரியில் படித்தாள். நான்தான் பிடித்து என்.பி.டி.இ.எல்.லில் பைத்தான் பாடத்தில் சேர்த்தேன். சென்னைக் கணிதவியல் நிறுவனத்துப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் எட்டு வாரப் பாடம், நல்ல பாடம். இரண்டு வாரம் ஒழுங்காகப் பார்த்தாள். ஒரு மாதம் கழித்து "எப்படிம்மா போகுது?" என்றேன். "அது வேணாம் பெரியப்பா, எனக்கு வராது" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "எங்க காலத்துல இது இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். அவள் பேசாமல் நின்றாள். பிறகு விசாரித்தால், வீட்டில் நல்ல செல்போன் ஒன்றுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அண்ணன் தந்தால் உண்டு. பேராசிரியரின் ஆங்கிலம் வேகமாகப் போகிறது. இதெல்லாம் கூடச் சமாளித்திருக்கிறாள். ரிக்கர்ஷன் என்ற ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். ஒரு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுகிறது என்கிறார்களே, அது எப்படி முடியும்? கேட்க ஆள் இல்லை. அந்த வாரக் கணக்கைப் போடவில்லை, அடுத்த வாரம் வெட்கம், அதற்கடுத்த வாரம் திறக்கவே இல்லை.

நான் நின்ற அதே இடம்! திண்ணையில் பழுப்புக் கவருக்குப் பதிலாகக் கையில் செல்போன், அவ்வளவுதான் வித்தியாசம். இந்த மாதிரிப் பாடங்களில் நூறு பேர் சேர்ந்தால் முடிப்பவர்கள் பத்துப் பேர் அளவில்தான் என்று பல நாட்டு ஆய்வுகளிலும் வந்திருக்கிறது. அந்தத் தொண்ணூறு பேரும் சோம்பேறிகள் என்று நான் இப்போது சொல்வதில்லை.

அடுத்த பருவத்தில் மறுபடி சேர்த்தோம். இந்தத் தடவை அவளோடு அதே தெருவில் இன்னும் இரண்டு பெண்கள். ஞாயிறு காலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய லேப்டாப். புரியாத இடத்தில் நிறுத்தி, வேகத்தைக் குறைத்து, மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். எனக்குப் பைத்தான் தெரியாது. ஆனால் ரிக்கர்ஷனை அவர்களோடு சேர்ந்து பார்த்தேன். ரேஷன் கடை வரிசையில் நிற்கிறோம். எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று தெரியவில்லை. முன்னால் நிற்பவரைக் கேட்கிறேன், அவரும் தனக்கு முன்னால் நிற்பவரைக் கேட்கிறார். கடைசியில் முதல் ஆள் "எனக்கு முன்னால யாரும் இல்ல, சைபர்" என்கிறார். ஒவ்வொருவரும் ஒன்று கூட்டிப் பின்னால் சொல்லிக்கொண்டே வர, என்னிடம் பதில் வந்துவிடுகிறது. "அந்த முதல் ஆள் இல்லேன்னா கேட்டுக்கிட்டே இருப்பாங்க பெரியப்பா" என்று அவளே சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்ததற்கு மேலே ஒரு படி அது.

எட்டு வாரமும் போட்டார்கள். தேர்வில் என் தம்பி மகள் 61 வாங்கினாள். இன்னொருத்தி 47. மூன்றாவது பெண் தேர்வே எழுதவில்லை. பாடம் இலவசம், தேர்வுக்குக் கட்டணம் உண்டு. அந்தப் பருவத்தில் 1000 ரூபாய். அப்பாவிடம் கேட்கத் தயங்கி, தேதியை விட்டுவிட்டாள். மூன்று பேரில் நன்றாகப் புரிந்துகொண்டவள் அவள்தான். எனக்கு இது தெரிந்தது ரிசல்ட் வந்த பிறகு. எட்டு வாரம் என் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போன பெண். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'முதல் வகுப்பு இலவசம்' என்று போன் செய்து, பிறகு மாதத் தவணைக்குப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குகிற வியாபாரமும் இருக்கிறது. அது வேறு, நான் சொல்வது வேறு. எந்த இடத்தில் பாடம் பார்ப்பதற்கே வங்கிக் கணக்கு எண் கேட்கிறார்களோ, அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நண்பர்களே, நம் சங்கத்தில் போன வருடம் நுழைவாயில் வளைவு கட்டலாம் என்று பேசினோம். வளைவு நிற்கட்டும். ஓர் அறை, நான்கு லேப்டாப், ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை முன்னாள் மாணவர் ஒருவர். அவருக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கூட உட்கார்ந்தால் போதும். வருகிற ஜனவரிப் பருவத்திலிருந்து தொடங்கலாம் என்று முதல்வர் அறையைத் தரச் சம்மதித்திருக்கிறார். தேர்வுக் கட்டணம் யாருக்கு வேண்டுமோ, அவர்கள் வாய்விட்டுக் கேட்க வேண்டாம். சேர்கிற எல்லோருக்கும் சங்கமே கட்டிவிடும் என்று வைத்துக்கொள்வோம். முதல் இருபது பேருக்கு நான் கட்டுகிறேன்.

கூட உட்கார வருகிறவர்கள் வெளியே மேஜையில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதுங்கள். நெய்வேலிக்காரர்கள், பண்ருட்டிக்காரர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தால் கூடப் போதும். முதல் பெயர் என் பெயர். இரண்டாவது, இப்போது வேலைக்குப் போய்விட்ட என் தம்பி மகள் பெயர். சாப்பாடு தயார் என்று செயலாளர் சைகை காட்டுகிறார்.