தாத்தா கொடுத்த கடன்

('குடும்பத்துக்குப் பெரும் பாதுகாப்பு பணமா? பாசமா?' என்ற பட்டிமன்றத்தில், 'பாசமே' என்ற அணியில் பேசியது.)

  

எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு போடு போட்டுட்டுப் போனாங்க. "பாசத்தை வச்சுப் பால் கார்டு வாங்க முடியுமா?"ன்னு கேட்டாங்க. முடியாதும்மா, ஒத்துக்கிறேன். நானும் ஒண்ணாந்தேதி சம்பளம் வாங்குறவன்தான். கவரை வீட்டில் கொடுக்கிற அந்த அஞ்சு நிமிஷம் என் மேல இருக்கிற மரியாதையே வேற! (சிரிப்பு)

ஆனால் அடுத்து ஒண்ணு சொன்னாங்க பாருங்க. "பணம் இருக்கிற குடும்பத்துக்கு எந்த ஆபத்து வந்தாலும் பணமே காப்பாத்திடும்." அங்கேதான் ஐயா எனக்குப் பொறுக்கல. பணம் இருந்த ஒரே காரணத்தால் ஆபத்து வந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன்.

ஜே. பால் கெட்டி. அமெரிக்காவில் எண்ணெய்த் தொழிலில் பணம் குவித்தவர். அவர் காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய பணக்காரர்களில் ஒருவர். கடைசிக் காலத்தில் இங்கிலாந்தில் சட்டன் பிளேஸ் என்கிற மாளிகையில் இருந்தார். விருந்தாளிகள் பேசுவதற்கென்று அந்த மாளிகைக்குள்ளேயே காசு போட்டுப் பேசுகிற தொலைபேசி வைத்தார் அந்த மகராசன். நம்ம வீட்டுல விருந்தாளி போன் எடுத்தா பக்கத்துல நின்னு முறைப்போம், அவ்வளவுதான். பெட்டி வைக்க நமக்குத் தோணலையே! (சிரிப்பு)

அவருக்கு ஒரு பேரன். தாத்தா பேரையே வைத்த பையன், பதினாறு வயசு, ரோம் நகரத்தில் இருந்தான். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். 1973 ஜூலை 10-ஆம் தேதி, விடிவதற்கு முன்னால், பர்னேசே சதுக்கத்தில் வைத்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தெற்கே கலாப்ரியா மலைப்பக்கம் அடைத்து வைத்தார்கள். கேட்ட தொகை 1 கோடியே 70 லட்சம் டாலர்.

அந்த ராத்திரியில் எத்தனையோ பையன்கள் ரோமில் தெருவில் திரிஞ்சிருப்பாங்க. அவங்களை ஏன் தூக்கல? அவங்க தாத்தா பேரு கெட்டி இல்லை!

வீட்டில் முதலில், இது பையனே போடுகிற நாடகமோ என்று சந்தேகப்பட்டார்கள். தாத்தாவோ, "எனக்குப் பதினாலு பேரப்பிள்ளைகள். இன்றைக்கு ஒரு காசு கொடுத்தால், நாளைக்குப் பதினாலு பேரையும் தூக்குவார்கள்" என்கிற பொருளில் பேசிக் கையை விரித்துவிட்டார்.

அது முட்டாள்தனமான வாதம் என்று நான் சொல்ல மாட்டேன். பின்னால், 1991-ல், இத்தாலி அரசாங்கமே ஒரு சட்டம் போட்டது. ஒருவரைக் கடத்திவிட்டால், அந்தக் குடும்பத்தின் சொத்தை முடக்கிவிட வேண்டும், மீட்புப் பணம் கொடுக்க வழி இருக்கக் கூடாது என்று. அது ஊருக்கெல்லாம் ஒரே சட்டம். கெட்டி அப்படிக் கொள்கைக்காகத்தான் மறுத்தாரா? மேலே கேளுங்கள்.

நவம்பர் மாதம் ரோமில் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்கு ஒரு தபால் வந்தது. உள்ளே கொஞ்சம் தலைமுடி. கூடவே, அறுத்தெடுத்த ஒரு காது. தபால்காரர்கள் வேலைநிறுத்தம் வேறு. அந்த உறை வந்து சேரவே ஏறத்தாழ மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரம் அந்தப் பிள்ளை மலையில் எப்படிக் கிடந்திருப்பான்னு ஒரு தாய் நினைச்சுப் பார்க்கட்டும்.

அதற்கப்புறம் கடத்தல்காரர்கள் இறங்கி வந்தார்கள், சுமார் 30 லட்சம் டாலருக்கு. தாத்தாவும் இறங்கி வந்தார், 22 லட்சத்துக்கு. அதென்ன கணக்கு 22? வருமான வரியில் கழித்துக்கொள்ள அவ்வளவுதான் இடமுண்டாம்! (கைதட்டல்) இருங்க, இன்னும் இருக்கு. மிச்சத்தையும் கொடுத்தார், பெற்ற மகனுக்குக் கடனாக. ஆண்டுக்கு நாலு சதவீத வட்டி!

கொள்கை எங்கே ஐயா போச்சு? பேரப்பிள்ளைகள் அப்பவும் பதினாலு பேர்தானே இருந்தாங்க? விலை படிஞ்சதும் கொடுத்துட்டார். இதுக்குப் பேரு கொள்கை இல்லை, பேரம்.

டிசம்பர் 15-ஆம் தேதி பையன் விடுதலையானான். "பாருங்க, கடைசியில் பணம்தானே மீட்டது?"ன்னு எதிரணி எழுந்திருக்கும். தெரியும். பணம் ஜூலையிலேயே இருந்ததே அம்மா! பிள்ளை டிசம்பர்லதானே வந்தான்! அந்த ஐந்து மாசமா அந்த வீட்டில் இல்லாமப் போனது எது?

எங்க அப்பா திருவிழாவுக்குத் திருவிழா வளையல் கடை போடுகிறவர். எனக்கு ஆறு வயசு இருக்கும்போது மாசித் திருவிழாக் கூட்டத்தில் காணாமப் போயிட்டேன். வருஷத்திலேயே வியாபாரம் நடக்கிற ராத்திரி அது. கல்லாப்பெட்டியைத் திறந்தது திறந்தபடியே போட்டுட்டு ஓடி வந்திருக்கார் மனுஷன். குடைராட்டினத்துக்குப் பக்கத்தில் கண்டுபிடிச்சு, முதலில் முதுகில் ரெண்டு வச்சார், அது தனிக் கணக்கு. (சிரிப்பு) அப்புறம்தான் தோளில் தூக்கினார். திரும்பி வந்து பார்த்தா, பக்கத்துப் பொரிக்கடைக்காரர் எங்க கல்லாவுக்குக் காவல் உட்கார்ந்திருக்கார். ராத்திரி எண்ணினபோது ஏழு ரூபா குறைஞ்சுது. அந்தக் காலத்து ஏழு ரூபா! அம்மா கேட்டாங்க. "அது கெடக்குது, பயல் கெடைச்சானே"ன்னார் அப்பா.

விடுதலையான பேரன் தாத்தாவுக்கு நன்றி சொல்ல போன் பண்ணினான். அவர் போனுக்கு வரவில்லை. 1976-ல் போய்ச் சேர்ந்தார். பையன் போதைப் பழக்கத்தில் விழுந்து, 1981-ல் பக்கவாதம் வந்து, கை கால் முடங்கி, பார்வையும் பெரும்பாலும் போயிற்று. மருத்துவச் செலவுக்குத் தகப்பன் மேல் வழக்குப் போட்டவர் பெற்ற தாய். மகனைக் கூட வைத்துப் பார்த்துக்கொண்டவரும் அந்த அம்மாதான். 2011-ல், 54 வயதில் அவன் இறந்துபோனான்.

நடுவர் மணியைப் பார்க்கிறார், அடிச்சிடுவார். அடுத்து வருகிற எதிரணி நண்பர் அந்த ஐந்து மாசத்துக்குக் கணக்குச் சொல்லட்டும். வட்டி வேண்டாம், அசல் போதும். (கைதட்டல்)