பந்துகள் அடுக்கிய பளிங்கு

வைரமும் காபனே, புளரீனும் காபனே. ஆயினும் அழுத்திப் பார்த்தால் இரண்டும் வேறு. 1985ஆம் ஆண்டிலே குறோட்டோ, கேர்ல், ஸ்மோலி ஆகியோரின் குழுவினர் கண்டறிந்த புளரீன் மூலக்கூறு, 60 காபன் அணுக்களாலான பந்து போன்றது. அதன் பளிங்கிலே இப்பந்துகள் தோடம்பழங்களை அடுக்கினாற்போல் அமைந்துள்ளன.

பந்தினுள்ளே அணுக்களைப் பிணைப்பது வலிய பிணைப்பு. பந்துக்கும் பந்துக்கும் இடையே உள்ளதோ மெலிந்த கவர்ச்சியே. அழுத்தத்துக்கு முதலில் இணங்குவது அந்த இடைவெளியாகும். வைரத்தை இதே அளவு சுருக்குவதற்கு 20 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும்.

இதனைக் கணிப்பது எவ்வாறு? 1992இல் கிரிஃபல்கோ என்னும் அறிஞர், ஒவ்வொரு பந்தையும் அணுக்கள் சீராகப் பரவிய கோளமாகக் கொண்டு, இரு பந்துகளுக்கிடையே உள்ள சத்தி தூரத்தோடு மாறும் முறையைக் கணித்தார். அச்சத்தி வளைகோட்டின் வளைவிலிருந்து மீள்தன்மை மாறிலிகளைப் பெறலாம்.

ஆனால், பந்துகள் தடையின்றிச் சுழலும்வரையே அவற்றைக் கோளமெனல் பொருந்தும். ஏறத்தாழ 260 கெல்வினுக்குக் கீழே அவை குறித்த திசைகளிலே ஒழுங்குபடுகின்றன. அப்பொழுது ஒரு பந்தின் முகம் எதனை நோக்கி நிற்கின்றது என்பதையும் கணக்கிலே சேர்த்தல் வேண்டும். தன் எடுகோள் எவ்வெல்லைவரை செல்லும் என்பதையும் கூறும்போதே கணிப்பு முழுமை பெறுகின்றது.